எழுப்புவதற்கும் ஒரு பூட்டு: வேலூர் நாட்குறிப்பு

2025 மே 6, செவ்வாய். சத்துவாச்சாரி.
ராணிப்பேட்டையில் தோல் பதனிடும் ஆலை ஒன்றின் கழிவுநீர் பம்புகளைக் கவனிக்கும் லினக்ஸ் பலகை மூன்றாம் முறையாக உறைந்துவிட்டது. "அக்கினி நட்சத்திரம் அண்ணா, பலகை சூடு தாங்கவில்லை" என்றான் உடன் வேலை செய்யும் தம்பி. ஏசி அறையில் வைத்துப் பார்த்தோம். அங்கும் உறைந்தது. பிழை என் டிரைவரில்தான், பம்புகளை லினக்ஸோடு இணைக்கும் நிரலில்.

மே 7, புதன்.
டிரைவரின் பதிவுகள் சீரியல் கம்பி வழியே அச்சாகின்றன. நொடிக்கு 115200 பிட் வேகத்தில் 80 எழுத்து வரி ஒன்று வெளியேற ஏறக்குறைய 7 மில்லி வினாடி ஆகும். ஓடும் வேலையை நிறுத்திவிட்டு வன்பொருளின் அவசர அழைப்பைக் கவனிக்கும் இன்டரப்டுக்குள் அவ்வளவு நேரம் நிற்பது பாவம். அதனால்தான் பதிவுகளைப் பஃபர் என்னும் தற்காலிக நினைவிடத்தில் போட்டுவிட்டு, அச்சிடும் வேலையைத் தனியாக ஓடும் த்ரெட்டிடம் விட்டிருந்தேன். பஃபரின் ஸ்பின்லாக்கை (கிடைக்கும்வரை சுற்றிச் சுற்றிக் காத்திருக்கவைக்கும் பூட்டு) மட்டும் இன்டரப்டை அணைக்காமல் எடுத்திருக்கிறேன். பூட்டைப் பிடித்திருக்கும்போது செயலியின் அதே கோரில் இன்டரப்ட் வந்து, அதுவும் பதிவு எழுத முயன்றால் இரண்டும் நகராது. திருத்தினேன்.

மே 9, வெள்ளி.
மறுபடியும் உறைந்தது! பூட்டுத் தவறுகளைக் கண்டுபிடிக்கும் லாக்டெப்பை இயக்கினேன். மாலை நான்கு மணிக்கு அறிக்கை வந்தது. படித்துவிட்டு வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். அடுத்து எந்தப் பணி ஓடும் என்று தீர்மானிக்கும் ஷெட்யூலர் பணி மாற்றும் இடத்தில் ஒரு கண்காணிப்பு வைத்திருந்தேன். அப்போது அந்தக் கோரின் ரன்கியூ (ஓடக் காத்திருக்கும் பணிகளின் வரிசை) பூட்டு ஷெட்யூலரிடம் இருக்கும். என் பதிவு பஃபரில் ஒழுங்காக விழுகிறது. பிறகு த்ரெட்டை எழுப்புகிறது. எழுப்புவதற்கும் அதே ரன்கியூ பூட்டு வேண்டும்! அச்சிடுவதைத் தள்ளிப்போட்ட நான், எழுப்புவதைத் தள்ளிப்போடவில்லை. லினக்ஸ் தன் பதிவுகளை எழுதும் பிரிண்ட்கேவும் இதே பள்ளத்தில் விழுந்து எழுந்ததுதான். இப்போது எழுப்பும் வேலையை, வேலையைப் பிந்தைய இன்டரப்டுக்குத் தள்ளிவைக்கும் ஐஆர்க்யூ ஒர்க்கிடம் கொடுத்துவிட்டேன். ரன்கியூ பூட்டு திறந்து, இன்டரப்டுகள் மீண்ட பிறகே அது நடக்கும்.

மே 11, ஞாயிறு.
வேண்டுமென்றே லினக்ஸின் மையமான கெர்னலைப் பேனிக் ஆக்கினேன், அதாவது மீள முடியாமல் நிற்கவைத்தேன். த்ரெட் ஓடவே இல்லை. மிகவும் தேவையான கடைசி வரிகள் பஃபரிலேயே செத்தன. பேனிக்கில் நேரடியாக அச்சிடும்படி மாற்றினேன். நிறுத்தப்பட்ட கோர் எதுவும் பூட்டோடு நின்றிருக்கலாம், ஆகவே முயன்று பார்க்கும் பூட்டு மட்டுமே. கிடைக்காவிட்டால் பூட்டில்லாமலே அச்சிடும். ஒரு வரி சிதையட்டும். அணைக்க முடியாத இன்டரப்டான என்எம்ஐ வந்தால் இன்டரப்டை அணைத்தும் பயனில்லை. அதற்கு 2020 டிசம்பரில் லினக்ஸ் 5.10 கொண்டுவந்தது போன்ற பூட்டில்லா வளையப் பஃபரே வழி. அதை அடுத்த வாரம் எழுதத் தொடங்குகிறேன்.

மே 13, செவ்வாய்.
முப்பது மணி நேரமாக ஓடுகிறது. தம்பி பலகையைத் துண்டில் சுற்றிக்கொண்டு ராணிப்பேட்டை பஸ் ஏறினான்.