முற்றிய புல்லும் சுண்ணாம்பும்: ஆய்வக நாட்குறிப்பு

ஜனவரி 8
ஓமலூர் பக்கத்துத் தோட்டத்திலிருந்து கோ-4 தீவனப் புல்லின் முற்றிய தண்டுகள் வந்தன. "மாடு ஒதுக்குனதுதான் கண்ணு, வெறும் குச்சி" என்றார் தோட்டத்து அக்கா. எனக்கு அந்தக் குச்சிதான் வேண்டும்: அதைச் சர்க்கரையாக்கி, ஈஸ்ட் கொண்டு நொதிக்கவைத்து, எத்தனால் என்னும் எரிசாராயம் எடுக்கப் பார்க்கிறேன். தீவனமாகும் இளம்புல்லை எத்தனாலுக்கு எடுக்கக் கூடாது. காயவைத்து, அரைத்து, சலித்தாயிற்று.

ஜனவரி 10
ஜவ்வரிசி ஆலை வைத்திருக்கும் மாமா கேட்டார்: "மரவள்ளி மாவு லேசில் சர்க்கரையாகுதே, புல்லுக்கு ஏன் இத்தனை பாடு?" இரண்டுமே குளுக்கோஸ் என்ற சர்க்கரையின் சங்கிலிதான், கண்ணிகள் இணையும் விதம்தான் வேறு. மாவில் இருப்பது ஆல்ஃபா பிணைப்பு, வேகவைத்தாலே நெகிழ்ந்துவிடும். புல்லில் இருக்கும் செல்லுலோஸில் பீட்டா பிணைப்பு. சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று இறுகிப் படிகமாகிவிடுகின்றன. அதற்கு மேல் ஹெமிசெல்லுலோஸும் (வேறு சர்க்கரைகளின் கிளைச் சங்கிலி) லிக்னினும் (தண்டை இறுக்கும் பசை) பூசிக் கிடக்கின்றன. சங்கிலியை வெட்டிச் சர்க்கரையாக்கும் நொதி உள்ளே போக இடமே இல்லை. அமிலத்திலோ காரத்திலோ முன்பதப்படுத்துவது அந்த இடத்தை உண்டாக்கத்தான்.

ஜனவரி 11
1% கந்தக அமிலம், ஆட்டோகிளேவில் (ஆய்வகப் பிரஷர் குக்கர்) 121 டிகிரி, ஒரு மணி நேரம். ஹெமிசெல்லுலோஸ் கரைந்து சைலோஸ் என்ற சர்க்கரையாக இறங்கிவிட்டது. வேகமான முறைதான். ஆனால் சூடு மிஞ்சினால் சைலோஸ் ஃபர்ஃபுராலாக மாறி ஈஸ்டை முடக்கும். போதாததற்கு, ரொட்டிக்குப் போடும் சாதாரண ஈஸ்ட் சைலோஸைத் தொடவே தொடாது. எனக்குப் பெரிய கவலை கழுவும் தண்ணீர். அமிலம் போகக் கழுவிக்கொண்டே இருந்தேன். சேலத்துத் திருமணிமுத்தாறு சாக்கடையாவதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். இன்னொரு கழிவுநீரை அதில் சேர்க்க மனம் வரவில்லை.

ஜனவரி 13
பொங்கலுக்கு வெள்ளையடிக்க எல்லாரும் சுண்ணாம்பு வாங்குகிறார்கள். நானும் வாங்கினேன், அமிலத்துக்கு மாற்றாகப் பார்க்க. 100 கிராம் காய்ந்த புல்லுக்கு 10 கிராம் நீற்றிய சுண்ணாம்பு, 50 டிகிரி நீர்த்தொட்டி. விடுமுறை முழுக்க ஊறட்டும்.

ஜனவரி 19
சுண்ணாம்பின் காரம் லிக்னினைக் கழற்றியிருக்கிறது. வடிநீர் கருந்தேநீர் நிறம். ஹெமிசெல்லுலோஸ் பெரும்பாலும் புல்லிலேயே தங்குவதால், செல்லுலோஸை வெட்டும் செல்லுலேஸ் நொதியோடு, ஹெமிசெல்லுலோஸை வெட்டும் சைலனேஸும் சேர்த்தேன். பிஎச் 4.8, 50 டிகிரி, 72 மணி நேரம்.

ஜனவரி 22
டி.என்.எஸ். சோதனை: சர்க்கரை கூடக்கூட நிறம் அடரும். பதப்படுத்தாத புல்லின் குழாய் வெளிறியே இருந்தது. அமிலப் புல், சுண்ணாம்புப் புல் இரண்டும் அடர் செம்பழுப்பு. நான் சுண்ணாம்பின் பக்கம்; அதைக் கழிவாக விடாமல் திரும்ப எடுக்கலாம். 100 கிராம் குளுக்கோஸ் நொதித்தால், கணக்குப்படி 51 கிராம் எத்தனால், 49 கிராம் கரியமில வாயு. அந்த வாயுவையே சுண்ணாம்பு வடிநீருக்குள் விட்டால் சுண்ணாம்பு கார்பனேட்டாகப் படியும். சூளையில் சுட்டு மறுபடி சுண்ணாம்பாக்கலாம். வரும் வாரம் நொதிகலனிலிருந்து வடிநீர்க் குடுவைக்கு ஒரு குழாய் இழுக்க வேண்டும்.