கேத்தியில் நடந்து திரிந்த பாதிரியார்

எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்குப் பள்ளி நினைவு எழுதச் சொன்னார்கள். நீலகிரியிலுள்ள கேத்தியின் குளிரையும் மலை ரயிலையும் மற்றவர்கள் எழுதிவிடுவார்கள். நான் எங்கள் வரலாற்று சார் சொல்லித் தந்த மெட்ஸ் பாதிரியாரை எழுதுகிறேன். பாடத்திட்டத்தில் அவர் இல்லை. சார் அதைப் பற்றிக் கவலைப்பட்டதும் இல்லை.

காசமேஜர் என்ற வெள்ளைக்கார அதிகாரி கேத்தியில் படகர் என்ற மலை மக்களின் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார். அவர் ஆதரவில் 1846இல் பாசல் மிஷன் என்ற சுவிட்சர்லாந்துக் கிறிஸ்தவ அமைப்பு அங்கே வந்தது. அந்த மிஷனின் ஜெர்மானியர்தான் ஃபிரெடரிக் மெட்ஸ். படகர் பேச்சைக் கற்றுக்கொண்டு ஹட்டி ஹட்டியாக (ஹட்டி என்றால் படகர் ஊர்) நடந்தார். ஆனால் படகர்களில் முதல் ஞானஸ்நானம் நடந்தது 1858இல்தான். அதுவரை அவர் பிரசங்கம் செய்தது பாதி, ஊர்க்கதை கேட்டது பாதி என்பார் சார்.

கேட்டதெல்லாம் 1856இல் சென்னையில் புத்தகமாயிற்று. ஆசிரியர் பெயர்கூடக் கிடையாது, ‘ஒரு ஜெர்மானிய மிஷனரியின் குறிப்புகள்’ என்றுதான் போட்டார்கள். 1864இல் மங்களூரில் விரிவான பதிப்பு வந்தது. தோடர், கோத்தர், படகர், குறும்பர், இருளர் என்று நீலகிரி மக்கள் எல்லாரும் அதில் உண்டு. அவர்கள் வழக்கங்களை அவர் மூடநம்பிக்கை என்றே நினைத்தார். படிக்கும்போது எரிச்சல் வரும். ஆனாலும், பின்னால் இந்த மக்களைப் பற்றி எழுதிய பிரீக்ஸும் தர்ஸ்டனும் அவர் எழுதியதைத்தான் எடுத்தாண்டார்கள்.

படகர் சாவுச் சடங்கில் பெரியவர் ஒருவர் இறந்தவரின் பாவங்களை வரிசையாகச் சொல்வார். ஊர்ந்து போன பாம்பைக் கொன்றது, எல்லைக் கல்லை நகர்த்தியது, வழி கேட்டவனுக்குத் தப்பான வழி காட்டியது... ஒவ்வொன்றுக்கும் கூட்டம் ‘பாவம்’ என்று குரல் கொடுக்கும். ஆயிரத்து முந்நூறு பாவம் இருந்தாலும் அவிழ்த்துவிடும் கன்றோடு போகட்டும் என்று முடியும். இந்தப் பாட்டு மெட்ஸ் காலத்திலேயே எழுத்தில் ஏறிவிட்டது.

சார் இதை வகுப்பில் வாசித்துவிட்டு, “சரி, இதில் உங்க கணக்கு எவ்வளவுடா?” என்றார். பின் பெஞ்சில் படகர் வீட்டுப் பையன் ஒருவன் எழுந்தான். “எல்லைக் கல் மட்டும் இல்லை சார். எங்களுக்கு நிலமே இல்லை.”

சார் சிரித்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. அந்தப் பையன் இப்போது நம் சங்கத்தின் ஆயுள் உறுப்பினர். நிலம் வாங்கிவிட்டான் என்று கேள்வி.