மூன்றாவது பெயர்

“எழுதிக் குடுக்க மாட்டேன் தம்பி. நீங்க போய்க் கேளுங்க.”

டீச்சர் இதைச் சொன்னது 2013-ல். போன தை மாதம் அவருடைய காரியத்துக்குப் போய் வந்ததிலிருந்து இந்த வார்த்தை என்னை விடவில்லை.

சத்துணவு அமைப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர், ஊருக்கே டீச்சர்தான். நான் அப்போது ஆர்.ஐ., அதாவது வருவாய் ஆய்வாளர். முதியோர் உதவித்தொகை 1,000 ரூபாய் ஆகியிருந்த சமயம். மனு எழுதத் தெரியாத கிழவிகளைக் கூட்டிக்கொண்டு வாரம் ஒருமுறையாவது வந்துவிடுவார். யாரிடமும் ஒரு டீ கூட வாங்கிக் குடித்து நான் பார்த்ததில்லை. படுக்கையில் கிடந்த மாமியாரைப் பதினோரு வருடம் பார்த்துக்கொண்டவர். அந்தக் கிழவி சொல்லச் சொல்ல எழுதத் தொடங்கியதுதான் அவருடைய வம்சாவளி நோட்டு.

குலதெய்வக் கோயில் வரி நோட்டில் தலைக்கட்டு என்றால் கல்யாணமான ஆண்பிள்ளை. கட்டிக்கொடுத்த பெண் அதோடு காணாமல் போவாள். டீச்சரின் நோட்டில் அவள் இருப்பாள்: எந்த ஊரில் கொடுத்தது, அவள் பிள்ளைகள் யார் யார், எல்லாம். காதுகுத்துப் பத்திரிகை, மொய் நோட்டு, கருமாதிப் பத்திரிகை என்று தேடித் தேடி எடுத்திருந்தார். வேறு எதில் விட்டாலும் கருமாதிப் பத்திரிகையில் மகள், மருமகன் பெயரை விட மாட்டார்கள் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

அன்று தனியாக வந்திருந்தார். ஒரு வாரிசுச் சான்றிதழ் மனு என் மேஜையில் இருந்தது. வி.ஏ.ஓ. அறிக்கையில் மனைவி, இரண்டு மகன்கள். டீச்சர் நோட்டைத் திறந்து என் பக்கம் திருப்பினார். பழைய காதணி விழாப் பத்திரிகை ஒன்று ஒட்டியிருந்தது. மூலையில் மஞ்சள் கறை, சோற்றுப் பசை காய்ந்து தாள் உப்பியிருந்தது. அதில் மூன்று பிள்ளைகளின் பெயர். மூன்றாவது பெண்.

“வேற சாதிப் பையனோட போயிட்டான்னு தலைமுழுகிட்டாங்க. திருப்பூர்ல உசுரோட இருக்கா தம்பி.”

“இது ஆபீஸ் ரெக்கார்டு இல்லையே டீச்சர். ஆட்சேபணைன்னு ஒரு மனு எழுதிக் குடுங்க, ஃபைலை நிறுத்தி வைக்கிறேன்” என்றேன்.

அதற்குத்தான் அந்தப் பதில். “நான் எழுதிக் குடுத்துட்டா நாளைக்கு எந்த வீட்லயும் எங்கிட்ட வாய் திறக்க மாட்டாங்க” என்றும் சொன்னார். பத்திரிகை மடங்கிவிடாமல் நோட்டை மூடிப் பையில் வைத்துக்கொண்டு எழுந்தார்.

மறுநாள் வி.ஏ.ஓ. அறிக்கையை அப்படியே பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

வாய்மொழியாக வரும் ஒவ்வொரு பேச்சுக்கும் ஃபைலை நிறுத்தினால் அலுவலகம் நடக்குமா? வாரிசுச் சான்றிதழ் சொத்தைப் பிரித்துக் கொடுக்கும் காகிதமும் இல்லை. அந்தப் பெண்ணுக்கு சிவில் கோர்ட் இருக்கிறது. ஊருக்கெல்லாம் அலைந்தவர் இந்த ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருக்கலாமே என்று டீச்சர் மேல் கோபம்கூட வந்திருக்கிறது. ஆனால் விசாரிப்பதுதானே ஆர்.ஐ. வேலை? அதற்கு எனக்கு எதற்கு மனு? சாதி மாறிக் கட்டியதால் மகள் மகள் இல்லாமல் போவாள் என்று 1956 வாரிசுரிமைச் சட்டத்தில் எங்கும் இல்லை. அது எனக்கு அன்றும் தெரியும். அந்த வீடு என் அலுவலகத்திலிருந்து நான்கு கிலோமீட்டர். வண்டியும் இருந்தது.

அதற்குப் பிறகு வாரிசு மனு எது வந்தாலும் நானே போனேன். மகன்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, தாயிடம் மட்டும் கேட்பேன்: “எத்தனை பிள்ளைகம்மா பெத்தீங்க?” இரண்டு வீடுகளில் எண்ணிக்கை மாறியது. அதில் ஒரு வீட்டில், உண்மையைச் சொன்ன குற்றத்துக்காக மகன் தாய்க்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டான். அந்தத் தாய்க்கு உதவித்தொகை மனு எழுதிக் கொண்டுவந்ததும் டீச்சர்தான். மனுவை நீட்டினார், வாங்கிக்கொண்டேன். இருவரும் பழைய பேச்சை எடுக்கவில்லை.

அன்று நான் போய்க் கேட்டிருந்தால் அந்தத் திருப்பூர்ப் பெண்ணின் தாய் மூன்று என்றிருப்பாரா? அப்படியே சொல்லியிருந்தாலும், அதன் பிறகு அந்த வீட்டில் அவர் எப்படி இருந்திருப்பார்? இதை எத்தனை தடவை யோசித்தும் எனக்குப் பிடிபடவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்பதில் மட்டும் சந்தேகமில்லை. சில நாள் அதிலும் வந்துவிடுகிறது.

காரியம் முடிந்து பந்தியிலிருந்து எழுந்தபோது டீச்சரின் மகன் ஒரு டிரங்குப் பெட்டியைக் காட்டினார். உள்ளே ஒன்பது நோட்டுகள். “பங்காளிங்க கேக்குறாங்க சார். குடுத்துடலாமா?”

கொடுத்தால் அந்த மூன்றாவது பெயர் இருக்குமோ, கிழிந்து போகுமோ. “பத்திரமா நீங்களே வைங்க தம்பி” என்றேன். அந்தப் பத்திரிகை ஒட்டிய நோட்டு எது என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.