அப்பாவின் பெட்டியில் ஏழு நோட்டுகள்

ஜனவரி 11, சனி

போகிக்காக வீடு ஒழித்தோம். பரணில் இருந்த அப்பாவின் டிரங்குப் பெட்டிக்குள் பழைய சம்பளச் சீட்டுகள், அவற்றுக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் கவர். எரிக்க எடுத்துவைத்த காகிதக் கட்டோடு அம்மா அதையும் போட்டுவிட்டார். நான் பிரித்துப் பார்த்திருக்காவிட்டால் திங்கட்கிழமை விடியலில் சாம்பலாகியிருக்கும்.

உள்ளே ஏழு நோட்டு. 100 ஜெர்மன் மார்க் இரண்டு, 10 மார்க் மூன்று, 1000 இத்தாலி லிரா ஒன்று. ஏழாவது 'ஜப்பானிய அரசாங்கம், பத்து ரூபாய்' என்று ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு நோட்டு.

அப்பா ஆம்பூரில் ஷூ ஃபேக்டரியில் முப்பது வருஷம் செக்கிங் சூப்பர்வைசர். "பையருங்க வந்துட்டுப் போறப்போ குடுத்ததும்மா. எங்க போய் மாத்துறதுன்னு தெரியல, அப்படியே வெச்சிட்டேன்" என்றார்.

10 மார்க்கைக் கையில் வாங்கியதும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. அதில் இருப்பவர் கணித மேதை காஸ். அவர் முகத்துக்குப் பக்கத்திலேயே மணி வடிவ வளைகோடும் அதன் சூத்திரமும் பொடி எழுத்தில் இருக்கின்றன. பிளஸ் டூ பிசினஸ் மேத்ஸ் வகுப்பில் வருஷாவருஷம் நான் கரும்பலகையில் போடுகிற அதே கோடு!

ஜனவரி 18, சனி

காட்பாடியிலிருந்து பஸ் பிடித்து வேலூர் சி.எம்.சி. மருத்துவமனை பக்கம் போனேன். வங்கதேசத்திலிருந்து நோயாளிகள் வருவதால் அங்கே வங்காள எழுத்தில் போர்டு வைத்த லாட்ஜுகளும் பணம் மாற்றும் கடைகளும் வரிசையாக இருக்கும். மூன்று கடை ஏறி இறங்கினேன். வங்கதேசப் பணமான டாக்கா உண்டு, டாலர் உண்டு, யூரோ உண்டு. மார்க் எடுப்பதில்லை. 2002-இல் யூரோ நோட்டு வந்ததோடு மார்க் முடிந்துவிட்டது என்று ஒரு பையன் மரியாதையாகவே சொன்னான்.

அப்பாவிடம் சொன்னபோது "போகட்டும்மா" என்றார். ஆனால் அவர் முகம் வாடித்தான் இருந்தது.

ஜனவரி 19, ஞாயிறு

அந்தப் பையன் சொன்னதில் பாதிதான் சரி. கடையில் செல்லாதே தவிர, மார்க் செத்துப்போகவில்லை. ஜெர்மனியின் மத்திய வங்கியான புண்டஸ்பேங்க் அதைக் காலக்கெடு இல்லாமல் மாற்றித் தருகிறது, கட்டணமும் கிடையாது. 1.95583 மார்க்குக்கு ஒரு யூரோ. நேரில் போகலாம், தபாலிலும் அனுப்பலாம். சுமார் 1,200 கோடி மார்க் இன்னும் திரும்பி வரவில்லையாம். பரணில் தூங்கும் பெட்டிகள் உலகமெங்கும் இருக்கின்றன போல.

நோட்டில் 'டாய்ச்சே புண்டஸ்பேங்க்' என்று இருந்தால் மாற்றலாம். கிழக்கு ஜெர்மனி அச்சடித்த மார்க் என்றால் மாற்ற முடியாது. ஐந்தையும் லென்ஸ் வைத்துப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அந்தப் பெயர் இருக்கிறது.

லிராவுக்குத்தான் வழியில்லை. இத்தாலி 2011 டிசம்பர் 6-ஆம் தேதியோடு மாற்றுவதை நிறுத்திவிட்டது. மாற்றியிருந்தாலும் அரை யூரோதான். அதில் இருப்பவர் மரியா மாண்டிசோரி. 1939-இல் சென்னை அடையாறுக்கு வந்து, போர்க்காலத்தை இந்தியாவிலேயே கழித்து, நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். அந்த நோட்டை என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

பிப்ரவரி 1, சனி

ஜப்பான் நோட்டு அப்பாவுடைய அப்பா கொண்டுவந்தது. ரங்கூனில் அரிசி ஆலையில் இருந்தவர், போர் முடிந்து கப்பல் ஏறி ஊர் திரும்பினார். 1942-இல் பர்மாவைப் பிடித்ததும் ஜப்பான் இந்த ரூபாயை அடித்து இறைத்தது. நோட்டில் வரிசை எண்ணே இல்லை. 'பி' என்று தொடங்கும் இரண்டு எழுத்துதான், பர்மாவுக்கான குறி அது. 1945-இல் ஜப்பான் தோற்றதும் வெறும் காகிதம். கூலியை இதில் வாங்கிச் சேர்த்த தாத்தா எப்படித் தவித்திருப்பார்!

லாங் பஜாரில் பழைய நாணயம் வாங்குகிற பெரியவரிடம் காட்டினேன். "இது ஏராளமா கிடைக்குதும்மா, நூறு ரூபா தரலாம்" என்றார். ஜப்பான் வருவதற்கு முன்னால் நம் ரிசர்வ் வங்கியே பர்மாவுக்கும் நோட்டு வெளியிட்டது. 'பர்மாவில் மட்டும் செல்லும்' என்று மேலே அச்சு விழுந்த இந்திய நோட்டு இருந்தால் உடனே கொண்டுவரச் சொன்னார். எங்களிடம் இல்லை. நூறு ரூபாய்க்குத் தாத்தாவின் நோட்டைக் கொடுக்க மனசு வரவில்லை.

பிப்ரவரி 9, ஞாயிறு

பெரியப்பா மகன் ஃப்ராங்க்ஃபர்ட்டில் வேலை பார்க்கிறான், லீவில் வந்திருந்தான். அவனிடம் மார்க்கைக் கொடுக்க எடுத்தபோது அப்பா ஒரு 10 மார்க்கை மட்டும் உருவிக்கொண்டார். வெள்ளை ஓரத்தில் பால்பாயின்ட் பேனாவில் '9,200 ஜோடி' என்று அவர் கையெழுத்து. ஒரு ஜோடிகூடத் திரும்பி வராமல் போன ஷிப்மென்ட்டாம்.

"இது இருக்கட்டும்மா."

மார்ச் 8, சனி

ஃப்ராங்க்ஃபர்ட்டிலிருந்து பெரியப்பா மகன் போனில் கூப்பிட்டான். 220 மார்க்குக்கு 112 யூரோ 48 சென்ட். பத்தாயிரம் ரூபாய் கிட்ட வரும். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நாளைக்கு மறுநாள், மருந்துச் செலவுக்கு ஆகும். ஸ்பீக்கரில் போட்டேன்.

"ரசீது குடுத்தாங்களாப்பா?" என்று கேட்டார் அப்பா. கொடுத்தார்களாம். அதைப் பத்திரமாக அனுப்பிவைக்கச் சொல்லியிருக்கிறார்.