பெர்மிட்டில் இருந்த அந்த ஒரு சொல்

உகாண்டாவின் புஹோமாவில் இரவுச் சாப்பாடு முடிந்ததும், மறுநாள் காலைக்குத் தேவைப்படுமே என்று, காட்டில் கொரில்லாக்களைப் பார்க்கத் தரும் பெர்மிட்டை எடுத்து அக்காவிடம் கொடுத்தேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தாள். "இதுல ருஷாகான்னு போட்டிருக்கே, நாம வந்திருக்கிறது புஹோமாதானே?" என்று கேட்டாள். எனக்கு வயிற்றைப் பிசைந்தது. ஊருக்குத் திரும்பி மூன்று வாரம் ஆகிவிட்டது, இன்னும் அந்தக் கேள்வி காதில் கேட்கிறது.

உகாண்டாவின் பிவிண்டி காட்டுக்குப் போக நினைப்பவர்கள் முதலில் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். காடு ஒன்றுதான், ஆனால் உள்ளே போக நான்கு பகுதிகள்: புஹோமா, ருஹிஜா, ருஷாகா, ந்குரிங்கோ. எந்தப் பகுதி, எந்தக் கொரில்லாக் கூட்டம் என்பதற்குத்தான் பெர்மிட் தருகிறார்கள், பொதுவாகக் காட்டுக்கு அல்ல. ஒரு கூட்டத்தைப் பார்க்க ஒரு நாளைக்கு 8 பேருக்குத்தான் அனுமதி. அதனால் தவறான வாசலில் போய் நின்றால் "சரி, இங்கேயே போங்கள்" என்று யாரும் சொல்ல முடியாது. வரைபடத்தில் புஹோமாவும் ருஷாகாவும் பக்கத்தில் இருப்பதுபோலத் தெரியும். இடையில் மலையைச் சுற்றிச் சுற்றிப் போகும் செம்மண் சாலை, பல மணி நேரப் பயணம். நாங்கள் ஆளுக்கு 800 டாலர் கட்டியிருந்தோம். காலை விளக்கக் கூட்டத்துக்குப் போய்ச் சேராவிட்டால் அவ்வளவும் போச்சு.

தவறு எப்படி நடந்தது என்பது பிறகுதான் தெரிந்தது. நாங்கள் ஏஜென்டிடம் கேட்டது புஹோமா. அந்தத் தேதிக்கு அங்கே இடம் இல்லை. மனிதர்களைப் பார்த்துப் பயப்படாமல் பழக்கப்படுத்திய கொரில்லாக் கூட்டங்கள் அதிகம் இருப்பது ருஷாகாவில் என்பதால் அங்கே வாங்கிவிட்டார்கள். வாங்கியவர் லாட்ஜைப் பதிவு செய்பவரிடம் சொல்லவில்லை. டிரைவரின் பயணத் தாளிலும் புஹோமா என்றே இருந்தது. பெர்மிட் எனக்கு மின்னஞ்சலில் வந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. பெயரும் பாஸ்போர்ட் எண்ணும் சரியா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடி வைத்துவிட்டேன். அது என் தவறு. வழியில் ந்துங்காமோவில் ருகுங்கிரி பக்கம் திரும்பியபோதாவது உறைத்திருக்க வேண்டும். ருஷாகாவுக்குப் போகிறவர்கள் அங்கே திரும்பாமல் கபாலே வழியாகப் போவார்கள்.

பெயரை மட்டும் அவ்வளவு கவனமாகப் பார்த்ததற்குக் காரணம், ஊரில் பட்ட பாடு. உகாண்டாவுக்குள் நுழைய மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்று கட்டாயம். அங்கிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போதும் கேட்பார்கள். அரசு அங்கீகரித்த சில மையங்களில்தான் இந்த ஊசி போடுவார்கள், ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்று செல்லும். எங்களுக்குப் பக்கத்தில் உள்ள மையமே பஸ்ஸில் மூன்று மணி நேரம். அக்காவுக்கு 61 வயது. அறுபதைத் தாண்டியவர்களுக்கு இந்த ஊசியில் பக்கவிளைவு அபாயம் கொஞ்சம் அதிகம் என்பதால் மருத்துவரின் கடிதம் கேட்டார்கள். நல்லவேளையாக அதை முன்கூட்டியே விசாரித்துக் கையோடு கொண்டுபோயிருந்தோம். ஊசி போட்டு, சான்றாகத் தரும் மஞ்சள் அட்டையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தோம்.

வீட்டில் பாஸ்போர்ட்டையும் அட்டையையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அட்டையில் என் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து இனிஷியல் மட்டும் இருக்கிறது. பாஸ்போர்ட்டில் அந்த இடத்தில் அப்பாவின் பெயர் முழுசாக உண்டு. ஊசி போடும் நாள் வாரத்தில் ஒன்றுதான். அடுத்த வாரம் திரும்பவும் மூன்று மணி நேரப் பயணம். அங்கே எழுதுபவர், "இதுக்கா வந்தீங்க? அடிச்சிட்டு மேலேயே எழுதித் தர்றேன்" என்று பேனாவை எடுத்துவிட்டார். கையைப் பிடிக்காத குறையாகத் தடுத்தேன். அடித்தல் திருத்தல் இருந்தால் சான்று செல்லாமல் போகலாம் என்று அந்த அட்டையிலேயே அச்சடித்திருக்கிறது. அதைக் காட்டினேன். புது அட்டை தர முடியாது, கணக்கு இருக்கிறது என்றார். ஒன்றரை மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மருத்துவர் வந்து, அட்டையை ஒரு முறை பார்த்துவிட்டு, "புதுசு போட்டுக் கொடுங்க" என்று சொன்னார். ஊசி போட்ட பழைய தேதியோடும் முழுப் பெயரோடும் புது அட்டை கிடைத்தது. நம்மைப்போல இனிஷியல் வைத்திருப்பவர்கள் ஊசி போடும் மேசையிலேயே பாஸ்போர்ட்டைத் திறந்து வைத்து எழுதச் சொல்லுங்கள். விசா விண்ணப்பத்திலும் பெர்மிட்டிலும் அதே எழுத்துகள், அதே வரிசையில் இருக்கட்டும்.

விசா இணையத்திலேயே சுலபமாக வந்துவிட்டது. டாலர் மட்டும் சிக்கல் தந்தது. பழைய வருடத்து நோட்டு, ஓரம் கிழிந்தது, பேனாக் கோடு விழுந்தது எதையும் அங்கே வாங்கமாட்டார்கள். நான் கொண்டுபோனதில் மூன்று நூறு டாலர் நோட்டுகளை, உகாண்டாவில் விமானம் இறங்கும் ஊரான என்டெபியில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இங்கே மாற்றும்போதே புது நோட்டாகக் கேட்டு வாங்குங்கள்.

அந்த இரவுக்கு வருகிறேன். டிரைவரைக் கூப்பிட்டுப் பெர்மிட்டைக் காட்டினேன். அவர் முகம் மாறிவிட்டது. ஏஜென்டின் எண் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. லாட்ஜில் இருந்த ஒரு பெண்தான் ருஷாகாவில் தனக்குத் தெரிந்த வனக்காவலரை அழைத்துப் பேசினாள். "பெயர் பட்டியலில் இருக்கிறது, எப்படியாவது எட்டு மணிக்குள் வந்துவிடுங்கள்" என்று பதில் வந்தது. அந்த மலைச்சாலையில் இரவில் ஓட்டுவது டிரைவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனாலும் மூன்று மணிக்கு வண்டியை எடுத்தார்.

ஜூலை அங்கே மழை குறைந்த மாதம்தான். ஆனால் முந்தின நாள் பெய்த மழை செம்மண்ணைக் களிமண்ணாக்கியிருந்தது. ருஹிஜா தாண்டியதும் ஒரு திருப்பத்தில் பின்சக்கரம் புதைந்துவிட்டது. அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கையில் இருந்த பெர்மிட்டை மட்டும் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். இருட்டிலேயே தோட்ட வேலைக்குக் கிளம்பிய ஐந்தாறு பேர் வந்து, யூகலிப்டஸ் கிளைகளைச் சக்கரத்துக்கு அடியில் போட்டுத் தள்ளிவிட்டார்கள். அந்தப் பக்கத்து மொழியான ருகிகாவில் எனக்குத் தெரிந்த ஒரே சொல், வெபரே, நன்றி. அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். ருஷாகாவில் இறங்கியபோது மணி 7.50. விளக்கக் கூட்டம் தொடங்கியிருந்தது. காவலர் பட்டியலைப் பார்த்து எங்கள் பெயர்களுக்கு நேரே டிக் அடித்த பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

அப்புறம் இன்னொரு பயம். விடியும் முன்பே குளிரில் வந்ததில் அக்காவுக்கு இருமல் பிடித்திருந்தது. சளி, காய்ச்சல் இருப்பவர்களை உள்ளே விடுவதில்லை. அதில் நியாயமும் உண்டு. நமக்குச் சாதாரணமாக வந்துபோகும் சளி கொரில்லாக்களைக் கொன்றுவிடலாம். 2018-க்குப் பிறகு மலைக் கொரில்லாக்களின் எண்ணிக்கை ஆயிரத்தைக் கொஞ்சம் தாண்டியிருக்கிறது, அவ்வளவுதான். அக்கா தானாகவே எழுந்து போய்க் காவலரிடம் சொன்னாள். எனக்குப் பகீரென்றது. அவர் காய்ச்சல் இருக்கிறதா, தொண்டை வலிக்கிறதா என்று கேட்டார், வெப்பநிலை பார்த்தார், கொஞ்ச நேரம் உட்கார வைத்துக் கவனித்தார். குளிரில் வந்த இருமல்தான் என்று உறுதியான பிறகு அனுமதித்தார். மாஸ்க்கைக் கடைசிவரை கழற்றக்கூடாது என்றார். அக்கா சொல்லாமல் இருந்திருக்கலாமே என்று அந்த நேரத்தில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை.

சுமை தூக்க உள்ளூர் ஆளை வாசலிலேயே வைத்துக்கொள்ளுங்கள், கூலியில் பேரம் வேண்டாம். எங்களோடு வந்த பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும். பையைச் சுமந்ததைவிட, வழுக்கும் சரிவில் அக்காவின் கையைப் பிடித்து ஏற்றி இறக்கியதுதான் பெரிய உதவி. தடித்த கையுறை அவசியம், வழியெங்கும் காஞ்சொறி. பேன்ட்டின் அடியை சாக்ஸுக்குள் விட்டுக்கொள்ளுங்கள், படை எறும்பு ஏறினால் கடி தாங்காது. கொரில்லாக் கூட்டம் முந்தின இரவு கூடு கட்டிப் படுத்த இடத்திலிருந்து தடம் பார்ப்பவர்கள் விடியற்காலையே தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் வாக்கிடாக்கியில் சொல்லும் திசையில் நாங்கள் இரண்டரை மணி நேரம் நடந்தோம்.

பைகளையும் கைத்தடிகளையும் சுமப்பவர்களிடமே விட்டுவிட்டு, மாஸ்க் போட்டு, கடைசிச் சரிவை இறங்கினோம். செடிகளுக்கு நடுவே ஒரு தாய் மல்லாந்து கிடக்க, குட்டி அதன் வயிற்றின் மேல் ஏறி விழுந்து, திரும்ப ஏறிக்கொண்டிருந்தது. முதுகு வெளுத்த பெரிய ஆண், சில்வர்பேக், எங்களுக்கு முதுகைக் காட்டியபடி தண்டுகளை உரித்துத் தின்றுகொண்டிருந்தது. உரிக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது. 10 மீட்டர் தள்ளி நிற்கவேண்டும் என்பது விதி. குட்டி எங்களைப் பார்த்து இரண்டடி வைத்தபோது காவலர் எங்களைத்தான் பின்னால் நகர்த்தினார். சரியாக ஒரு மணி நேரம். அக்கா ஒரு படம்கூட எடுக்கவில்லை. மாஸ்க்குக்கு மேலே கண் நிறைந்திருந்தது.

மறுநாள் பட்வா மக்களைப் பார்க்கப் போனோம். பயணத் திட்டத்தில் இது 'கலாசாரச் சுற்றுலா' என்று ஒரு வரியில் இருக்கும். போகிறவர்கள் பின்னணியைத் தெரிந்துகொண்டு போங்கள். இந்தக் காடு அவர்கள் வாழ்ந்த இடம். 1991-ல் தேசியப் பூங்காவாக அறிவித்தபோது அவர்களை வெளியேற்றினார்கள், மாற்று நிலம் ஒழுங்காகத் தரவில்லை. கட்டையைக் கடைந்து நெருப்பு உண்டாக்கியும் தேன் எடுக்கும் விதத்தைச் செய்தும் காட்டிய பெரியவர், காட்டின் எல்லைக்கு வெளியே நின்றுதான் எல்லாவற்றையும் செய்தார். நாம் டாலர் கட்டி உள்ளே போய் வந்த காடு அவருக்கு மூடியிருக்கிறது. அந்த நினைப்பு எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. உகாண்டாவின் அரசியலமைப்பு நீதிமன்றம் 2021-ல் அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது என்று எங்களுக்கு மொழிபெயர்த்த இளைஞர் சொன்னார்.

எங்கள் ரசீதில் பட்வா வருகைக்கு என்று தனித் தொகை போட்டிருந்தார்கள். அதில் எவ்வளவு உங்களுக்கு வந்தது என்று அந்தப் பெரியவரிடம் கேட்டேன். அவர் சொன்ன தொகை பாதிகூட இல்லை. ஏஜென்ட் வழியாகக் கட்டாதீர்கள், அங்கேயே நேரில் கொடுங்கள். அவர்கள் பின்னிய கூடைகளை வாங்குங்கள். நாங்கள் நான்கு வாங்கினோம்.

ஏஜென்டோடு சண்டை ஊர் திரும்பும் வரை நடந்தது. புஹோமாவில் மறுநாள் இரவு தங்காத அறைக்கும், ருஷாகாவில் கடைசி நேரத்தில் எடுத்த அறைக்கும் எங்களிடமே பணம் கேட்டார்கள். நாங்கள் முதலில் அனுப்பிய மின்னஞ்சல், லாட்ஜ் பதிவு, பெர்மிட், மூன்றையும் ஒரே பக்கமாகச் சேர்த்து அனுப்பினேன். ஐந்தாவது மின்னஞ்சலுக்கு ருஷாகா அறைப் பணத்தைத் திருப்பித் தருவதாக ஒத்துக்கொண்டார்கள். நேற்றுத்தான் கணக்கில் வந்தது. எதையும் போனில் பேசி முடிக்காமல் எழுத்தில் வைத்திருந்ததால் வந்த பணம் இது.

திரும்பி இறங்கிய விமான நிலையத்தில் சுகாதார மேசைக்கு முன்னால் நீண்ட வரிசை. எங்களுக்கு முன்னால் ஒருவரின் அட்டையில் ஏதோ குறை, தனியாக உட்கார வைத்திருந்தார்கள். சான்று சரியில்லை என்றால் ஆறு நாள்வரை தனிமையில் வைக்கலாம். அதிகாரி என் பாஸ்போர்ட்டையும் மஞ்சள் அட்டையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, விரலை ஓட்டி ஒவ்வோர் எழுத்தாகப் பார்த்தார். அப்பாவின் பெயரில் விரல் ஒரு நொடி நின்றது. அப்புறம் முத்திரையைக் குத்திவிட்டு, அக்காவின் அட்டைக்குக் கையை நீட்டினார்.