கிறவலோடு வந்த கல்

மாரி தொடங்குவதற்கு முன்பு எங்கள் ஒழுங்கையில் டிப்பரில் கொண்டுவந்து பரவிய கிறவலுக்குள், பெருவிரல் நகத்தளவான வெண்பளிங்குத் (குவார்ட்ஸ்) துண்டொன்றைக் கண்டெடுத்தேன். கூட வந்த கூழாங்கற்கள் யாவும் உருண்டு மழுங்கியிருக்க, இதன் ஒரு விளிம்பு மட்டும் இன்னமும் விரலைக் கீறும் கூர்மையோடு இருந்தது. மறு விளிம்பிலோ சிறு சில்லுகள் வரிசையாகத் தட்டி எடுக்கப்பட்டு, தடியில் பதிப்பதற்கு வாகாக முனை மழுக்கப்பட்டிருந்தது. இயற்கை இப்படி ஒரே வரிசையில் தட்டுவதில்லை.

வன்னியில் கிறவல் என்றால் வீதிக்குப் போடும் மண். தொல்லியலாளரோ, அடியில் கிறவலும் மேலே செம்மணலுமாக அமைந்த படிவுக்கு எங்கள் இரணைமடுவின் பெயரையே சூட்டியிருக்கிறார்கள். தென்கரையில் புந்தலவுக்கு அருகே பத்திராஜவெலவில் அதே வகைப் படிவைத் தொல்லியலாளர் சிரான் தெரணியகல ஆராய்ந்தபோது கிடைத்த கற்கருவிகள், ஏறத்தாழ 125,000 ஆண்டுகள் பழைமையானவை எனக் கணிக்கப்பட்டன. தீவின் மறுகோடியில் கிடைத்த அந்தத் தொன்மையை எங்கள் ஊர்ப்பெயரால் அழைக்கிறார்கள் என்று முதன்முறை அறிந்தபோது எனக்கு உடல் சிலிர்த்தது.

அந்த வயது கல்லிலிருந்து பெறப்பட்டதன்று. சுற்றியிருந்த மணல் கடைசியாக வெயில் கண்டது எப்போது என்பதை அளந்தே அதைக் கணிக்கிறார்கள். என் கல்லுக்கு அந்த மணல் இல்லை. எந்தக் குழியில், எத்தனை அடி ஆழத்தில் அள்ளியது என்று கேட்டபோது, டிப்பர் ஓட்டிய தம்பி, "மூன்று குழி மண்ணும் கலந்துதான் அண்ணை ஏத்தினது" என்றார். இத்தகைய நுண்கற்கருவிகள் தீவின் தென்மேற்கிலுள்ள பாகியன் குகையில் 45,000 ஆண்டுகளுக்கு முந்திய மண்படைகளிலேயே கிடைத்திருக்கின்றன. ஆகவே என் கல் அவ்வளவு பழையதாகவும் இருக்கலாம், நாலாயிரம் ஆண்டுக்கு உட்பட்டதாகவும் இருக்கலாம்.

பின்னால் வந்த உழவர்களைப் பற்றி இவ்வளவு திணறல் இல்லை. அநுராதபுரத்தில் கி.மு. 900 அளவிலேயே இரும்பும் நெல்லும் மாடும் கறுப்பு சிவப்பு மட்பாண்டமும் ஒன்றாகத் தென்படுகின்றன. பாலை மரத்தையும் முதிரை மரத்தையும் வெட்டிக் காணி திறந்தவர்களுக்கு, இரும்புக் கோடரி வந்ததும் நெல்வயல் விரிந்ததும் ஏன் சேர்ந்து நிகழ்ந்தன என்பதை யாரும் விளக்கத் தேவையில்லை. அவ்வுழவர் காலத்துப் பெருங்கற்கால ஈமக்காட்டை, கி.மு. 700 முதல் 400 வரையிலானதை, தம்புள்ளைக்கு அருகே இப்பன்கட்டுவையில் பார்த்திருக்கிறேன். நான்கு புறமும் பலகைக்கற்களை நிறுத்தி, மூடுகல் ஏற்றி, உள்ளே சாம்பலையும் கலயங்களையும் வைத்திருக்கிறார்கள். இத்தீவில் கிடைக்காத சூதுபவளம் என்னும் செந்நிறக் கல்லில் செய்த மணிகளும் அங்கே கிடைத்தன. வன்னிக்கு அண்மையில், பொம்பரிப்பில், கல்லறைக்குப் பதிலாகத் தாழிகள். கல்லும் சாம்பலும் மணியும் வைத்த இடத்திலேயே கிடந்தபடியால்தான் அம்மக்களின் கடல்வழித் தொடர்பைக்கூட நம்மால் படிக்க முடிகிறது.

கிறவல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை; மாரியில் எங்கள் ஒழுங்கையால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக வேண்டும். புதுக்குழி திறக்கும் முன்பு, விடயம் தெரிந்த ஒருவர் அந்த மண்சுவரை ஒரு நாளேனும் பார்க்கட்டும் என்பதே என் வேண்டுகோள்.

கல்லைத் தீப்பெட்டியில் வைத்து, கண்டெடுத்த இடத்தையும் திகதியையும் மேலே எழுதியிருக்கிறேன். குழியின் பெயருக்கு விட்ட இடம் வெறுமையாக இருக்கிறது.