குமிழி நடுவில்தான் இருக்கு!

நாங்கள் வாடகைக்கு எடுத்த மோட்டார்ஹோம், அதாவது கட்டில், சமையல் மேடை, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி, பெரிய சாலையில் ஏறி வேகம் பிடித்ததும் பின்னாலிருந்து ஒரு சத்தம். டக், டக், டகடக. "எஞ்சினா?" என்றேன். "எஞ்சின் முன்னாடி இருக்கு, சத்தம் பின்னாடி வருது" என்றார் என் வீட்டுக்காரர், பெரிய மெக்கானிக் தோரணையில். எந்தச் சத்தம் கேட்டாலும் அவர் முதலில் சந்தேகப்படுவது டயரைத்தான். ஓரம்கட்டி, இறங்கி, எல்லா டயரையும் உதைத்துப் பார்த்தார். டயருக்கு ஒன்றும் இல்லை. கால்தான் வலித்ததாம்.

மறுபடி கிளம்பினோம், மறுபடி டகடக. ஓடும் வண்டியில் பெல்ட்டைக் கழற்றிவிட்டு எழுந்து தேடவும் முடியாது. அடுத்து நிறுத்திய இடத்தில் ஒவ்வொரு கதவாகத் திறந்து பார்த்ததில் குற்றவாளி அகப்பட்டது: மைக்ரோவேவுக்குள் சுற்றும் கண்ணாடித் தட்டு. துண்டில் சுற்றிக் கட்டிலில் போட்டேன். அப்பாடா என்று உட்கார்ந்தால், அதுவரை அந்தச் சத்தத்தில் அமுங்கிக் கிடந்த கரண்டிகள் பாட ஆரம்பித்தன. அடுத்த வளைவில் இழுப்பறை தானாகத் திறந்து கச்சேரி நடுக்கூடத்துக்கே வந்துவிட்டது. எங்கள் மோட்டார்ஹோமில் எல்லா அலமாரிக்கும் அமுக்கிப் பூட்டும் பொத்தான் உண்டு. கிளம்பும் முன் ஒவ்வொன்றாக அமுக்க வேண்டும். யார் அமுக்குவது என்பதுதான் கேள்வி.

வாடகைக்கு விட்டவர் வண்டியைச் சுற்றிக்காட்டி நிறுத்தி நிதானமாகத்தான் விளக்கினார். நல்ல தண்ணீர் டேங்க் இது, கழுவிய தண்ணீர் சேரும் டேங்க் அது, கேஸ் வால்வு இங்கே, உள்ளே விளக்குக்கும் பம்புக்கும் தனி பேட்டரி அங்கே. வீட்டுக்காரர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எதையும் கேள்வி கேட்காமல் இவர் தலையாட்டினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். நான் எழுதிக்கொண்டேன்.

பகலில் மாற்றி மாற்றி ஓட்டினோம், அதில் பிரச்சினை இல்லை. மாலையில் கேம்ப்சைட்டுக்குள், அதாவது இந்த மாதிரி வண்டிகள் இரவு தங்கும் இடத்துக்குள், நுழைந்து வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தும்போதுதான் கல்யாண வாழ்க்கைக்குப் பரீட்சை. இந்த வண்டிகளில் பின்சக்கரத்துக்கு அப்புறமும் உடம்பு நீண்டிருக்கும். இடது பக்கம் ஒடித்துக் கிளம்பினால் வால் வலது பக்கம் வீசும். அதனால் ஒருவர் கீழே நின்று பார்த்தே ஆக வேண்டும். பக்கக் கண்ணாடியில் ஓட்டுபவர் முகம் உங்களுக்குத் தெரியாவிட்டால் அவருக்கும் உங்களைத் தெரியாது என்பது விதி. நான் விதிப்படிதான் நின்றேன், கண்ணாடியில் அவர் முகமும் தெரிந்தது. ஆனால் அவர் கண் ரிவர்ஸ் கேமரா திரையில் இருந்தது. "நிறுத்துங்க! நிறுத்துங்க!" என்று கத்தினேன். ஸ்டியரிங்கைத் திருப்பினார். புதரிலிருந்து சரசரவென்று சத்தம் வந்த பிறகு தலையை வெளியே நீட்டி, "நிறுத்துங்கன்னு சொன்னியா, திருப்புங்கன்னு சொன்னியா?" என்றார். பக்கத்து வண்டிக்காரர்கள் நாற்காலியை எங்கள் பக்கமாகத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அடுத்தது கழிவறை. அதன் அடியில் கேசட் என்று ஒரு பெட்டி. பதினெட்டு, இருபது லிட்டர் கொள்ளும். இரண்டு பேருக்கு ரெண்டு மூணு நாள் தாங்கும். அப்புறம் சிவப்பு விளக்கு எரியும். விளக்கு எரிந்ததும் இரண்டு பேருமே இயற்கைக் காட்சியை மும்முரமாக ரசிக்க ஆரம்பித்துவிடுவோம். கடைசியில், சமையலும் பாத்திரமும் என் பொறுப்பு, கேசட் அவர் பொறுப்பு என்று ஒப்பந்தம் ஆனது. சக்கரமும் கைப்பிடியும் வைத்த அந்தப் பெட்டியை, விமான நிலையத்தில் சூட்கேஸ் இழுப்பதுபோல, நிமிர்ந்த நடையோடு, கழிவைக் கொட்டும் டம்ப் ஸ்டேஷனுக்கு இழுத்துக்கொண்டு போவார். ஊற்றும்போது காற்று போக ஒரு பொத்தானை அமுக்க வேண்டும். அமுக்காவிட்டால் குளக் குளக் என்று தெறிக்கும். அன்று அவர் திரும்பி வந்து நேராகக் குளிக்கப் போனதிலிருந்து விஷயத்தை ஊகித்துக்கொண்டேன்.

குளியலும் லேசுப்பட்டதில்லை. வெந்நீர்த் தொட்டி பத்து லிட்டர்தான். நனைந்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறக்க வேண்டும். மூடாமல் பாடிக்கொண்டே குளிப்பவருக்கு இரண்டாவது சரணத்தில் பச்சைத் தண்ணீர் வரும். அலறல் கேட்டது.

பெரிய சண்டை வந்ததோ ஃபிரிட்ஜால். எங்கள் வண்டியில் இருந்தது கம்ப்ரசர் இல்லாத ரகம். கேஸ் சூட்டில் அம்மோனியாவைச் சுற்றவிட்டுக் குளிர வைக்கும். 1922-ல் சுவீடனில் இரண்டு மாணவர்கள் கண்டுபிடித்த முறை அது. உள்ளே திரவம் தானாக வழிந்து திரும்ப வேண்டும் என்பதால் வண்டி ரொம்பச் சாய்ந்து நின்றால் சரியாகக் குளிராது. இது தெரிந்த நாளிலிருந்து வீட்டுக்காரர் கையில் ரசமட்டம், குமிழியை வைத்து மட்டம் பார்க்கும் கருவி. எங்கே நிறுத்தினாலும் சமையல் மேடையில் அதை வைத்து, குமிழி நடுவில் வரும்வரை டயருக்கு அடியில் மஞ்சள் பிளாஸ்டிக் ஆப்புகளை வைப்பார், எடுப்பார், வைப்பார்.

அன்று இரவு கட்டில் என் பக்கம் சாய்ந்திருந்தது. சொன்னேன். "குமிழி நடுவுலதான் இருக்கு" என்றார். "மேடையே கோணலா இருந்தா?" என்றேன். பேச்சு முற்றிவிட்டது. வீடாக இருந்தால் ஆளுக்கொரு அறைக்குப் போயிருப்போம். இங்கே இருப்பதே ஒரு அறை. அவர் போய் ஓட்டுநர் இருக்கையை முன்பக்கம் சுழற்றி, இருட்டுச் சாலையைப் பார்த்து விறைப்பாக உட்கார்ந்துகொண்டார். ஆனால் மூக்குக்கண்ணாடி இருந்ததோ என் தலைக்கு மேல் அலமாரியில். அதை எடுக்க நான் காலை மடக்க வேண்டும். நான் காலை மடக்க அவர் வாயைத் திறக்க வேண்டும். ரொம்ப நேரம் கழித்து, "கொஞ்சம் காலை..." என்றார். மடக்கினேன். அவ்வளவுதான் பேச்சு.

கோபத்தோடு கட்டிலின் அந்த ஓரத்தில் படுத்தவர், நடுராத்திரியில் உருண்டு வந்து என் மேல் கிடந்தார். எழுப்பி, "குமிழி எங்கே இருக்கு?" என்றேன். பதில் இல்லை. காலையில் பார்த்தால் என் பக்கத்து டயருக்கு அடியில் புதிதாக இன்னொரு மஞ்சள் ஆப்பு. கேட்டால், ஃபிரிட்ஜுக்காகவாம்.